ஜனவரி 7 வரை நாள் இருக்கிறது

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் செம்பூரிலும் சீட்டா கேம்ப்பிலும், இந்த 2024 மகாராஷ்டிரச் சட்டமன்றத் தேர்தலில் தோற்றுப்போன வேட்பாளர்களுக்காக ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு,

டீச்சர் எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். மற்றவர்களின் அண்ணனோ சித்தியோ என் வகுப்பில் பெஞ்சைத் தேய்த்திருப்பார்கள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி வேலை என்றால் பாடம் நடத்துவது பாதி. மீதி மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் போலியோ சொட்டு மருந்தும் தேர்தல் டியூட்டியும்தான். வாக்குச்சீட்டுக் காலத்திலும் மிஷின் காலத்திலும் வாக்குச்சாவடியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டே விரல் வீங்கியவள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

நவம்பர் 23-ல் எண்ணி முடித்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. ஆன்டாப் ஹில் பக்கம் போனால் இன்னமும் அதே பேச்சு: “மிஷின்ல வேலையக் காட்டிட்டானுங்க, டீச்சர்.” தாராவி 90 அடி ரோட்டில் தோற்றவர் வேறு கட்சி, பேச்சும் வேறு: “அவங்க ஆளுங்க ஒரே கட்டாக் குத்திட்டாங்க, நம்ம ஆளுங்க காச வாங்கிட்டு மாத்திக் குத்திட்டாங்க.” செம்பூரில் இரண்டையும் கலந்து சொல்கிறார்கள். எந்த இடத்திலும் ஒரு பிள்ளைகூட “நாங்க தோத்துட்டோம்” என்று சொல்லி நான் கேட்கவில்லை.

கணக்கை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். தாராவியில் காங்கிரஸின் ஜோதி கெய்க்வாட், சிவசேனாவின் ஷிண்டே பிரிவான ஷிண்டே சேனாவின் ராஜேஷ் கந்தாரேயை 23,459 வாக்கில் தோற்கடித்தார். பக்கத்துத் தொகுதியான சயான் கோலிவாடாவில் புதுக்கோட்டைச் சீமையிலிருந்து வந்த நம் கேப்டன் தமிழ்ச்செல்வன் பாஜகவுக்காக மூன்றாவது முறையாக ஜெயித்தார். காங்கிரஸின் கணேஷ் யாதவ் 7,895 வாக்கில் பின்தங்கினார். செம்பூரில் ஷிண்டே சேனாவின் துக்காராம் காதே, உத்தவ் சேனாவின் பிரகாஷ் பாத்தர்பேக்கரை வீழ்த்தினார். சீட்டா கேம்ப் அடங்கிய அணுசக்தி நகரில் சனா மலிக்குக்கும் ஃபகத் அகமதுக்கும் இடையே வெறும் 3,378 வாக்கு வித்தியாசம். மாநிலம் முழுக்கப் பார்த்தால் 288 இடங்களில் மகாயுதி கூட்டணியின் மூன்று பெரிய கட்சிகளுக்கு 230. எதிர் அணியான மகா விகாஸ் அகாடியின் மூன்று பெரிய கட்சிகளுக்குச் சேர்த்தே 46.

ஆக, தாராவிக் காங்கிரஸ் பையன் தொகுதியில் ஜெயித்து மாநிலத்தில் தோற்றிருக்கிறான். அவன் எதிர்வீட்டு ஷிண்டே சேனாப் பையன் மாநிலத்தில் ஜெயித்துத் தொகுதியில் தோற்றிருக்கிறான். ஒரே சால், ஒரே தண்ணீர்க் குழாய். யார் யாருக்கு ஆறுதல் சொல்வது என்றே தெரியவில்லை.

மிஷின்காரர்களிடம் ஒரு கேள்வி. ஜூன் 4-ல் இதே நகரத்தில் மக்களவை வாக்குகளை எண்ணினார்களே, அப்போது மும்பை தென் மத்தியத் தொகுதியில் அனில் தேசாய் 53,384 வாக்கு வித்தியாசத்தில் ராகுல் ஷெவாலேயைத் தோற்கடித்தார். மாநிலத்தின் 48 மக்களவை இடங்களில் மகா விகாஸ் அகாடிக்கு 30 கிடைத்தது. அன்று தாராவியில் பட்டாசு வெடித்த யாரும் மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று தோற்ற அணியினர், ஜெயித்தவர்கள் பொய்ப் பிரச்சாரத்தால் மக்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று புலம்பினார்கள். ஐந்து மாதத்தில் புலம்பல் வீடு மாறிவிட்டது.

உங்களில் கெட்டிக்காரன் ஒருவன் எழுந்து, “டீச்சர், சந்தேகம் வராம இருக்கத்தான் தாராவிய விட்டு வெச்சாங்க” என்பான். சரி. தோற்றால் அது மோசடிக்குச் சான்று. ஜெயித்தால் அது மோசடியை மறைத்ததற்குச் சான்று. எந்த விடை எழுதினாலும் முழு மார்க் விழுகிற கணக்கை நான் வகுப்பில் ஒருநாளும் திருத்தியதில்லை. சந்தேகப்படாதே என்று சொல்ல நான் வரவில்லை. எது நடந்தால் உன் சந்தேகம் தீரும் என்று முதலில் சொல், பிறகு சந்தேகப்படு என்கிறேன்.

பூத் ஏஜென்ட்டாக உட்கார்ந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். வாக்குப்பதிவு தொடங்கும் முன் உங்கள் கண் எதிரே குறைந்தது 50 மாதிரி வாக்குகள் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்து, சீல் வைக்கிறார்கள். முடிந்ததும் ‘க்ளோஸ்’ பட்டனை அழுத்தி, மொத்தம் எத்தனை வாக்கு என்று படிவம் 17சி-யில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் நகல் கொடுக்க வேண்டும். எண்ணும் நாளில் அந்த மிஷின் மேசைக்கு வரும்போது அதே எண்ணிக்கை அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்திலேயே கத்தலாம், கத்த வேண்டும். இது போக ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கலில் வரும் ஐந்து சாவடிகளின் விவிபேட் சீட்டுகளை எண்ணிச் சரிபார்க்கிறார்கள்.

அந்த 17சி நகல்கள் எங்கே? ஒரு பிள்ளையைக் கேட்டேன். “ஆபீஸ்ல குடுத்துட்டேன் டீச்சர்.” ஆபீஸில் கேட்டால் மேலே அனுப்பிவிட்டார்களாம். மேலே என்றால் எங்கே, யாருக்கும் தெரியவில்லை. வாக்குப்பதிவு நாளில் சாயங்காலம் 5 மணிக்கு 58.22 விழுக்காடு என்றார்கள், கடைசியில் 66.05 ஆகிவிட்டது, இடையில் அத்தனை லட்சம் வாக்கு எப்படி வந்தது என்று ஊரெல்லாம் கேட்கிறது. நியாயமான கேள்விதான். 6 மணிக்கு வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் டோக்கன் கொடுத்து வாக்குப் போட விடுவார்கள், 5 மணிக் கணக்கு வாய்மொழியாகத் திரட்டுவது, அது எப்போதும் பின்தங்கியே இருக்கும் என்பது டியூட்டி பார்த்த எனக்குத் தெரியும். என் சொல்லை நீங்கள் நம்ப வேண்டாம். உங்கள் தொகுதியின் எல்லாச் சாவடி 17சி-களையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை அறிவித்த எண்ணோடு ஒத்துப்போனால், ராத்திரியோடு ராத்திரியாக யாரும் வாக்கைக் கொட்டவில்லை. ஒத்துப்போகாவிட்டால் உங்கள் கையில் இருப்பது வெறும் பேச்சு அல்ல, வழக்கு.

வழக்குக்கு நாள் இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, முடிவு வந்த நாளிலிருந்து 45 நாள் கொடுக்கிறது. வேட்பாளர்தான் போட வேண்டும் என்றில்லை, அந்தத் தொகுதியின் வாக்காளர் எவரும் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். காப்புத்தொகை 2,000 ரூபாய். நவம்பர் 23-லிருந்து எண்ணினால் ஜனவரி 7. மிஷினின் நினைவகத்தையே சோதிக்கச் சொல்லும் வழியும் இந்த ஏப்ரல் 26-ல் உச்ச நீதிமன்றம் திறந்துவிட்டது. இரண்டாவது, மூன்றாவது வந்த வேட்பாளர்கள் ஏழு நாளுக்குள் கேட்டிருக்க வேண்டும், 2024-ல் ஒரு செட்டுக்கு வரியோடு 47,200 ரூபாய். அந்தக் கெடு போய்விட்டது, அதற்குக் கேட்ட விலையும் அநியாயம்தான். ஆனால் பெரிய கதவு இன்னும் சாத்தவில்லை.

அந்தக் கதவு வழியாகப் பெரிய பெரிய ஆட்கள் போயிருக்கிறார்கள். 1969-ல் வி.வி. கிரி குடியரசுத் தலைவரானபோது, இரண்டாவது விருப்ப வாக்குகளை எண்ணித்தான் நீலம் சஞ்சீவ ரெட்டியை முந்த முடிந்தது. தோற்ற தரப்பு உச்ச நீதிமன்றம் போனது. பதவியில் இருக்கும் குடியரசுத் தலைவரே நேரில் வந்து சாட்சி சொன்னார். மனு தள்ளுபடியானது; அவர் ஐந்தாண்டும் இருந்தார், எதிர்த்தவர்கள் அவரைக் குடியரசுத் தலைவர் என்றே அழைத்தார்கள்.

நம் மும்பையிலேயே 1952-ல் பாபாசாகேப் அம்பேத்கர் தோற்றார். மாட்டுங்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், தாதர் இந்து காலனியில் ராஜ்கிருகம் நிற்கிறதே, அந்த வீட்டுக்காரர். அரசமைப்புச் சட்டத்தை எழுதியவரை பம்பாய் வடக்குத் தொகுதி ஏறத்தாழ 14,500 வாக்கில் தோற்கடித்தது. ஜெயித்த நாராயண் கஜ்ரோல்கரை இன்று யாருக்கு நினைவிருக்கிறது? இரட்டை உறுப்பினர் தொகுதி அது. ஒருவருக்கு இரண்டு வாக்கு, இரண்டையும் வெவ்வேறு ஆட்களுக்குப் போட வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டையும் போட்டதால் ஆயிரக்கணக்கான சீட்டுகள் செல்லாமல் போயின. அம்பேத்கரும் அவரோடு நின்று தோற்ற அசோக் மேத்தாவும் மனுப் போட்டார்கள். மனு நிற்கவில்லை. அந்த ஆண்டே அவர் மாநிலங்களவைக்குப் போனார். 1954-ல் பண்டாரா இடைத்தேர்தலில் நின்று மறுபடியும் தோற்றார். இந்த நாட்டுத் தேர்தல் முறையே பொய் என்று சொல்ல இந்தியாவில் எவருக்காவது அதிகாரம் இருந்தது என்றால் அவருக்குத்தான் இருந்தது. அவர் மனுப் போட்டார், தோற்றார், திரும்பவும் வேட்புமனுவோடு வந்தார்.

1952-ல் தகராறு காகிதத்தில்தான் வந்தது என்பதைக் கவனித்தீர்களா? நம் காலத்துக்கு வருவோம். இந்த ஜூனில் மும்பை வடமேற்கில் ரவீந்திர வாய்க்கர் 48 வாக்கில் அமோல் கீர்த்திகரை வென்றார். (அமோலின் அப்பா கஜானன் கீர்த்திகர் எதிர்த்தரப்பு ஷிண்டே சேனாவில் இருந்தார். அந்த வீட்டுச் சாப்பாட்டு நேரத்தை நினைத்துப் பாருங்கள்.) 4,52,644-க்கு 4,52,596. கோரேகாவ் எண்ணும் மையத்தில் யாரோ செல்போன் வைத்திருந்தார்கள், ஓடிபி போட்டு மிஷினைத் திறந்தார்கள் என்று ஒரு பத்திரிகை எழுதி, நாடு முழுக்க நாலு நாள் அதே பேச்சு. மிஷினுக்கு ஓடிபியே கிடையாது என்று தேர்தல் அதிகாரி விளக்கினார், பத்திரிகையும் தவறென்று திருத்திக்கொண்டது. உண்மை என்னவென்றால் மிஷின் கணக்கில் கீர்த்திகர்தான் ஒரு வாக்கு முன்னால் இருந்தார்! அஞ்சல் வாக்குகளில் 49 பின்தங்கித் தோற்றார். காகிதம் கவிழ்த்தது. அவரும் உயர் நீதிமன்றம் போனார். முடிவை எது, எப்படி மாற்றியது என்பதற்கான அடிப்படை விவரங்கள் மனுவில் இல்லை என்று இந்த டிசம்பர் 19-ல் தள்ளுபடி செய்துவிட்டார்கள். மனு எழுதப் போகிறவர்கள் அந்தத் தீர்ப்பை முதலில் வாசியுங்கள்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு 49 என்ற எண் மறந்திருக்காது. தாராவியில் பாதித் தெரு உங்கள் ஊர்க்காரர்கள்தானே. 2016-ல் ராதாபுரத்தில் அதிமுகவின் இன்பதுரை 69,590, திமுகவின் அப்பாவு 69,541. தலைமையாசிரியர்கள் சான்றொப்பமிட்ட அஞ்சல் வாக்குகளைச் செல்லாது என்று ஒதுக்கிவிட்டார்கள். சக ஆசிரியை என்ற முறையில் எனக்கு அதில் இன்றும் கோபம். அப்பாவு வழக்குப் போட்டார். 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அஞ்சல் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்தது, முடிவு வெளிவரவில்லை. ஐந்து வருடம் ஒரு மனிதர் பதில் தெரியாமல் காத்திருந்தார். இதை நான் ஜனநாயகத்தின் பெருமை என்று சொல்ல மாட்டேன், வெட்கக்கேடு. ஆனால் அந்த ஐந்து வருடமும் அப்பாவு ராதாபுரத்தை விட்டு நகரவில்லை. 2021-ல் அதே இன்பதுரையை எதிர்த்து நின்று ஜெயித்தார், அந்த ஆண்டே தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் சபாநாயகரும் ஆனார்.

அமெரிக்காவில் 2000-ல் புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் இடையே ஃப்ளோரிடாவில் 537 வாக்கு வித்தியாசம். அங்கேயும் அடிதடி, ஓட்டை சரியாக விழாத காகித அட்டைகளைப் பற்றித்தான். பழைய வாக்குச்சீட்டைக் கொண்டுவா என்று கோஷம் போடுகிற பிள்ளைகள், முத்திரை இரண்டு சின்னத்துக்கு நடுக்கோட்டில் விழுந்த சீட்டை வைத்துக்கொண்டு விடியவிடியச் சண்டை போட்டவர்களைப் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. கேரளத்தில் பரவூர்த் தொகுதியில் 1982-ல்தான் இந்த மிஷினை முதன்முதலில் வைத்தார்கள். (பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் அதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் நம் எழுத்தாளர் சுஜாதா.) கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை தேர்தலுக்கு முன்பே மிஷின் வேண்டாமென்று நீதிமன்றம் போனார், கிடைக்கவில்லை. தேர்தலில் 123 வாக்கில் அவரே ஜெயித்தார். உடனே மிஷின் சட்டவிரோதம் என்று வழக்குப் போட்டவர், தோற்ற காங்கிரஸ்காரர் ஏ.சி. ஜோஸ். 1984-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்ல, மிஷின் வைத்த சாவடிகளில் சீட்டில் மறுவாக்குப்பதிவு நடந்து ஜோஸ் ஜெயித்தார். அவநம்பிக்கை அன்றும் கட்சி பார்க்கவில்லை, வெற்றி தோல்வியைத்தான் பார்த்தது.

சோலாப்பூர் மாவட்டத்து மார்கட்வாடியைப் பற்றி நீங்கள் எல்லோரும் அனுப்பிக்கொண்டே இருந்தீர்கள். மால்சிரஸ் தொகுதியில் சரத் பவார் கட்சியின் உத்தம் ஜான்கர் ஜெயித்துவிட்டார். ஆனால் மார்கட்வாடியில் மட்டும் பாஜகவின் ராம் சாத்புதேவுக்கு 1,003, ஜான்கருக்கு 843. இது எங்கள் ஊர் வாக்கே இல்லை என்று டிசம்பர் 3-ல் ஊர்க்காரர்கள் சீட்டு அடித்துத் தாங்களே வாக்கெடுப்பு நடத்தப் போனார்கள். போலீஸ் தடை உத்தரவு போட்டு நிறுத்தியது, வழக்கும் போட்டது. போலீஸை அனுப்பியது மடத்தனம். நடத்தவிட்டிருந்தால் அது எதையும் நிரூபித்திருக்காது என்பது நாலு பேருக்காவது புரிந்திருக்கும். ஊர்ப் பெரியவர்கள் சுற்றி நிற்க, டிவி கேமரா முன்னால், இன்ன முடிவு வர வேண்டும் என்று முன்பே தெரிந்த வாக்கெடுப்பில், மாற்றிக் குத்தியவன் மறுபடி மாற்றிக் குத்துவானா? நவம்பர் 20-ல் அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் அவன் தனியாக இருந்தான். இங்கே இல்லை.

இப்போது எனக்கு நிஜமாகவே கோபம் வந்த விஷயம். “ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு வித்துட்டாளுங்க.” லாட்கி பஹின் திட்டத்தில் மாதம் 1,500 ரூபாய் வாங்கிய பெண்களைப் பற்றி இப்படிச் சொல்கிறீர்கள். யார் அந்தப் பெண்கள்? விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து மாவைக் கரைத்து இட்லி ஊற்றுகிறாளே, உன் அம்மா. முறுக்குப் பிழிகிறாளே, உன் அத்தை. அவள் கணக்கில் அரசாங்கம் முதன்முறையாக அவள் பெயரில் பணம் போட்டது. உங்கள் அணியும் மாதம் 3,000 தருகிறோம் என்றுதானே வாக்குக் கேட்டது? 3,000 உரிமை, 1,500 லஞ்சமா? தமிழ்நாட்டில் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வந்தபோது பூரித்துப்போனவர்கள், மும்பையில் அதையே விலை என்கிறீர்கள். தாராவியிலோ எதிர்ப்பக்கம், “அந்தச் சமூகம் கட்டாக் குத்திட்டாங்க” என்கிறீர்கள். கட்டாகக் குத்துவது குற்றமென்றால், நம் ஊர்க்காரர், நம் மொழிக்காரர் என்று நாம் தேடித்தேடிக் குத்தியதை எந்தக் கணக்கில் எழுதுவது?

முடிவை ஏற்பது என்றால் ஜெயித்தவருக்கு மாலை போடுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மாற்றி வாக்களித்தவனும் உன்னைப்போல யோசித்துத்தான் வாக்களித்தான் என்று ஏற்றுக்கொள்வது அதைவிடக் கஷ்டம். அதைச் செய்தால்தான் அடுத்த முறை அவன் வீட்டுக் கதவைத் தட்ட முடியும். விலைபோனவள் என்று நீ சொன்ன பெண்ணிடம் ஐந்து வருடம் கழித்து எந்த முகத்தோடு நோட்டீஸ் நீட்டுவாய்?

மன்னார்குடிப் பக்கம் துளசேந்திரபுரத்தில் நவம்பர் 5-ல் தர்மசாஸ்தா கோயிலில் அபிஷேகம் செய்து, அமெரிக்க அதிபர் தேர்தலில் கமலா ஹாரிஸ் ஜெயிக்க வேண்டிக்கொண்டார்கள். அவர் தாத்தா ஊர். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வேண்டிக்கொண்ட மாமிகள் எனக்கே தெரியும். தோற்றார். மறுநாளே டிரம்ப்பைக் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு, ஹோவர்ட் பல்கலைக்கழக மைதானத்தில் அழுதுகொண்டிருந்த தன் ஆட்கள் முன்னால் நின்று முடிவை ஏற்கிறேன், கொள்கைச் சண்டையை விடமாட்டேன் என்ற பொருளில் பேசினார். இனிமேல்தான் அவருடைய கஷ்டமான நாள் வரப்போகிறது. துணை அதிபர் என்பதால் வரும் ஜனவரி 6-ல் நாடாளுமன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, தன் தோல்விக் கணக்கைத் தானே அறிவிக்க வேண்டும். 2001-ல் அல் கோரும் அதைச் செய்தார். 2020-ல் தோற்ற டிரம்ப் மட்டும் முடிவை ஏற்க மாட்டேன் என்றார். அறுபது வழக்குகள் போலப் போட்டு ஏறக்குறைய எல்லாவற்றிலும் தோற்றார், பிறகு கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. நான்கு வருடம் கழித்து அதே ஆள் ஜெயித்தும் விட்டார். “அப்ப ஏத்துக்காதவன்தானே டீச்சர் ஜெயிக்கிறான்?” என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. அவர் திரும்பி வந்தது 2024-ல் வாக்கு வாங்கித்தான். கட்டடத்துக்குள் புகுந்தவர்களால் 2020-ன் ஒரு வாக்கைக்கூட மாற்ற முடியவில்லை.

இலங்கையிலும் இந்த ஆண்டு பார்த்தோம். செப்டம்பர் 21 அதிபர் தேர்தலில் அனுர குமார திசாநாயக்க ஜெயித்தபோது, வடக்கில் தமிழர்கள் பெரும்பாலும் வேறு பக்கம்தான் வாக்களித்திருந்தார்கள். தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரனுக்கு நாடு முழுவதும் சுமார் 2.26 லட்சம் வாக்கு. அத்தனை பேருடைய தேர்வும் தோற்றது. இரண்டு மாதத்துக்குள், நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில், யாழ்ப்பாணத்தின் ஆறு இடங்களில் மூன்றை அனுரவின் கட்சிக்கே கொடுத்தார்கள். அது சரியா தப்பா என்று யாழ்ப்பாணத்துக்காரர்கள் சண்டை போடட்டும். தோற்றவர்கள் உறைந்து நிற்க வேண்டியதில்லை என்று மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

இனி தாராவி. இது உங்களுக்கு வீட்டு விஷயம். அதானி குழுமத்தின் சீரமைப்புத் திட்டத்தை ரத்து செய்வோம் என்று ஓர் அணி வாக்குக் கேட்டது. தாராவி அவர்களுக்கு வாக்களித்தது, மகாராஷ்டிரம் வாக்களிக்கவில்லை. ஆகவே திட்டம் தொடரும். டெண்டரை எதிர்த்து செக்லிங்க் நிறுவனம் போட்ட மனுவையும் டிசம்பர் 20-ல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. “ரிசல்ட்டையே நாங்க ஒத்துக்கல, சர்வேக்காரன உள்ள விடமாட்டோம்” என்று சில சந்துகளில் சொல்கிறீர்கள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள். முடிவை ஒப்புக்கொண்டால் திட்டத்தை ஒப்புக்கொண்டதாக எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவச வீடு. அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே, அதுவும் பணம் கட்டியோ வாடகைக்கோ. ஆக உன் குடும்பம் எந்த வருடம் வந்தது என்பதற்கான ரேஷன் கார்டு, மின்சார பில், வாக்காளர் பட்டியல் பக்கம்தான் இனி உன் ஆயுதம். சர்வேயில் எண் விழாத வீட்டுக்கு நாளைக்கு வாதாடக்கூட ஆதாரம் இருக்காது. உப்பளத்துக்கோ குப்பை மேட்டுக்கோ போகமாட்டோம் என்று போராடு, நானும் வந்து உட்காருகிறேன். ஆனால் கையில் காகிதத்தோடு போராடு.

கந்தாரேக்கு வேலை பார்த்த பிள்ளைகளே, ஜோதி கெய்க்வாட் உங்களுக்கும் எம்எல்ஏதான். அவர் ஆபீஸுக்குப் போய்க் கையெழுத்துக் கேட்பதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை. இல்லையென்றால் தமிழ்ச்செல்வனிடமோ காதேயிடமோ யாதவின் ஆட்கள், பாத்தர்பேக்கரின் ஆட்கள் எப்படிப் போவார்கள்? ஜெயித்த தரப்புப் பிள்ளைகளும் இதைப் படித்தால் காதில் போட்டுக்கொள்ளுங்கள்: வாசலில் நின்று “நீ எந்தப் பக்கம் வேலை பாத்தே?” என்று கேட்டு ஆளைத் திருப்பி அனுப்பாதீர்கள். தோற்றவன் ஏற்காமல் போவதில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

தோற்ற தேர்தலைப் பற்றி ஒரு மாதமாகப் பேசுகிறீர்கள். நடக்காத தேர்தலைப் பற்றி ஏன் பேசவில்லை? மும்பை மாநகராட்சியின் காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. 2024 முடியப்போகும் இன்றுவரை தேர்தல் இல்லை. நகர்சேவக் என்கிற கவுன்சிலர் இல்லை, மேயர் இல்லை. இந்தியாவிலேயே பணக்கார மாநகராட்சியை ஓர் அதிகாரி நடத்திக்கொண்டிருக்கிறார். சாக்கடை அடைத்தால் யாரைத் திட்டுவது என்றுகூட நமக்குத் தெரியவில்லை. அதில் மோசடி நடந்ததா என்று கேட்கவும் முடியாது, ஏனென்றால் வாக்கே போடவில்லை. உங்கள் கோபத்தில் கால்வாசியை இந்தப் பக்கம் திருப்பினால் போதும்.

வேலை இரண்டு இருக்கிறது. ஒன்று, 17சி நகல்களைத் தேடிப் பிடித்து, சாவடி வாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். கட்சி பார்க்காதீர்கள், ஜெயித்த தரப்பு ஏஜென்ட்டிடமும் அதே நகல்தான் இருக்கும். கூட்டல் நான் போட்டுத் தருகிறேன். எங்கேயாவது இடித்தால், வக்கீல் பார்த்து, ஜனவரி 7-க்குள் மனு. இடிக்கவில்லை என்றால் அன்றோடு அந்தப் பேச்சை நிறுத்த வேண்டும், இது என் நிபந்தனை. இரண்டாவது, மாநகராட்சித் தேர்தல் என்றைக்கு வந்தாலும் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பிப் போன நம் கிழவிகளின் பெயரைப் படிவம் 6 போட்டு இப்போதே ஏற்றுங்கள். எனக்குத் தெரிந்தே லேபர் கேம்ப்பில் ஒரு சந்து முழுக்க அப்படி இருக்கிறது.

நோட்டில் எண்களைக் கொஞ்சம் பெரிதாக எழுதுங்கள். உங்களில் பலருடைய கையெழுத்து எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
மாட்டுங்கா, டிசம்பர் 2024